பச்சை விளக்குக்கு மட்டும் ஒரு துவாரம்

என் அத்தான் கனகசபாபதி இருபத்தொரு வருஷம் ஆகாயத்தில் பறந்தவர். அந்த இருபத்தொரு வருஷத்தில் ஒரு நாளாவது முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர் அல்ல. பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பெரிய நாலு எஞ்சின் விமானங்களில் விமானி அறைக்குள் மூன்று கதிரைகள் இருந்தன. முன்னால் இரண்டிலும் விமானிகள். அவர்களுக்குப் பின்னால், வலப்பக்கச் சுவரைப் பார்த்தபடி மூன்றாவது கதிரை. அந்தச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மணிக்கூடுகள் மாதிரிக் கருவிகளும் விசைகளும். எந்த எஞ்சின் சூடாகிறது, எந்தத் தாங்கியில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்குப் பெயர் பிளைட் எஞ்சினியர். அத்தான் அந்த வேலைதான் பார்த்தார்.

எங்கள் ஊர் வல்வெட்டித்துறையில் இதை எவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. ஊருக்கு அவர் பைலட். கல்யாண வீட்டில் யாராவது "வாங்கோ பைலட் ஐயா" என்று கையைப் பிடித்தால் அந்த இடத்திலேயே நின்று, "நான் பைலட் இல்லைத் தம்பி, அது வேறை, இது வேறை" என்று தொடங்கிவிடுவார். பின்னால் வருகிற சனம் வாசலில் அடைபட்டு நிற்கும். அக்காதான் அவருடைய முழங்கையில் இடிப்பாள்.

"உதை ஒரு மட்டையிலை எழுதிக் கழுத்திலை கொழுவிக்கொண்டு வாங்கோவன். சனம் வாசிச்சிட்டுப் போகட்டும்."

அக்கா என்றால் இரத்தினம்மா, எனக்கு மூன்று வயது மூத்தவள். நான் முருகேசு. ஊறணிக்குப் போகிற ஒழுங்கையில் மீன்பிடி வள்ளங்களின் அவுட்போட் எஞ்சின் திருத்துகிற பட்டறை வைத்திருக்கிறேன். நான் பறந்ததில்லை, கடலில்கூட அதிகம் போனதில்லை. பழுதாகிக் கரைக்கு வருவதுதான் எனக்குத் தெரியும். அத்தானுடைய உத்தியோகத்தை ஊரில் சரியாக விளங்கிக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்று அவரே சொல்வார். அதற்காக நான் அவரைக் கேலி செய்யாமல் விட்டதில்லை.

அவர் வளைகுடாவில் ஒரு விமானக் கம்பனியில் வேலை பார்த்தபோது அக்காவும் போய் அங்கே ஒரு மாடி வீட்டில் சில வருஷம் இருந்தாள். போன புதிதில் ஒரு நாள் காஸ் அடுப்பை மூட மறந்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறாள். அன்றைக்குத் தொடங்கியது ஒரு பழக்கம். விமானத்தில் ஒருவர் கேட்க மற்றவர் பார்த்துப் பதில் சொல்லுகிற ஒரு முறை இருக்கிறதாம். அதை அத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறரைக்கு அவர் கேட்பார். அக்கா போய்ப் பார்த்துப் பதில் சொல்வாள்.

"வாசல் கதவு?"

"பூட்டியிருக்கு."

"காஸ்?"

"அடுப்பிலையும் மூடியிருக்கு. சிலிண்டரிலையும் மூடியிருக்கு."

"தண்ணி மோட்டர்?"

"நிண்டிட்டுது."

கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இரத்தினம்?"

"இருக்கிறன்."

எல்லாவற்றையும் பார்த்தேன், உன்னையும் பார்த்தேன் என்று சொல்லுகிற அவருடைய வழி அது. கொஞ்சிக் கதைக்கத் தெரியாத மனிதர். இதை அக்கா எனக்கு வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் மற்றக் கேள்விகளையெல்லாம் பொறுத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு சட்டம் இருந்தது. "ஓம்" என்று பதில் சொல்லக்கூடாது. அவசரத்தில் அக்கா "ஓம் ஓம், எல்லாம் சரி" என்று குசினிக்குள் இருந்து கத்தினால் அத்தானுக்குக் கோபம் வரும்.

"ஓம் எண்டால் என்ன அர்த்தம்? கண்டதைச் சொல்லும். பாக்காமல் ஓம் சொல்லித்தான் எத்தினை பிளேன் விழுந்தது தெரியுமோ?"

எங்கள் வீட்டில் அதற்கு 'அத்தான் வீட்டுப் பூசை' என்று பெயர். பிள்ளைகள் அவர் குரலில் கேட்டு, அக்கா குரலில் பதில் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் அவருக்கு வேலை போனது. புது விமானங்கள் வந்தன. மூன்றாவது ஆள் பார்த்த வேலையெல்லாம் கம்பியூட்டர் பார்த்தது. கதிரையைக் கழற்றிவிட்டார்கள். அவருக்கு ஒரு கடிதமும் ஒரு கைக்கடிகாரமும் கிடைத்தன. கடிகாரத்தை அவர் கட்டியதே இல்லை. சண்டைக் காலம் என்பதால் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்துவிட்டு, எல்லாம் ஓய்ந்தபிறகு ஊருக்கு வந்து எங்கள் தகப்பனார், கப்பலுக்குப் போய்வந்த ஐயா, கட்டிய வீட்டைத் திருத்திக் குடியேறினார்கள். மகள் வித்தியா அப்போது கனடாவில் கல்யாணம் கட்டிப் போய்விட்டாள்.

அந்த மூன்று பேர் காலத்தைப் பற்றி அத்தான் கதைக்கத் தொடங்கினால் எனக்கு எழும்ப மனம் வராது. பம்பாயிலிருந்து மேற்கே போகும்போது விடியப்புறம் ஒரு தேத்தண்ணி வருமாம். மூன்று பேரும் ஒன்றும் கதைக்காமல் குடிப்பார்களாம். முன்னால் இருக்கிற இருவரும் நட்சத்திரம் பார்ப்பார்கள், இவர் தன் சுவரைப் பார்ப்பார். இரண்டாம் நம்பர் எஞ்சினுக்கு 'மூத்த மருமகள்' என்று பெயர் வைத்திருந்தார். எப்போதும் மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் சூடாக இருக்குமாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தரையில் வைத்தால் எந்த எஞ்சின் மனம் சரியில்லை என்று கருவிக்கு முன்னம் தனக்குத் தெரியும் என்பார். அதைச் சொல்லும்போது தன்னை அறியாமலே செருப்பைக் கழற்றுவார். முற்றத்து மண்ணில் அவருடைய பாதங்கள் எதையோ தேடுகிற மாதிரி அசையும்.

உலகத்தில் எங்கே விமானம் விழுந்தாலும் ஊர் அவரிடம்தான் வரும். தொலைக்காட்சியில் புகையைக் காட்டி முடிய முதல் கந்தப்பு அண்ணை படலையைத் திறந்துவிடுவார். அந்த நாளில் தண்டையலாக, அதாவது பாய்க்கப்பல் தலைவனாக, இந்தியாவுக்குப் போய் வந்த குடும்பம் அவருடையது. அவரும் வாலிபத்தில் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தவர். ஆனால் அத்தான் வாயைத் திறக்க மாட்டார்.

"அறிக்கை வரட்டும் அண்ணை. இப்ப கதைக்கிறது எல்லாம் வாய்க்கு வந்த கதை."

ஒன்றோ இரண்டோ வருஷம் கழித்து விசாரணை அறிக்கை வரும். வித்தியா அதைத் தேடி அனுப்புவாள். நெல்லியடியில் அச்செடுத்துச் சுருள் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு, கப்பல்கார வயசாளிகள் ஐந்தாறு பேருக்கு அதை எங்கள் தமிழில் சொல்வார். ஒரு சாவீட்டுக் கதையை இவ்வளவு சுவையாகச் சொல்லுகிறாரே என்று சில வேளை எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

இரண்டு கதைகள் எனக்கு மறக்காது. ஒன்று, கழுவிய விமானத்தின் கதை. கழுவும்போது தண்ணீர் போகாதபடி விமானத்தின் பக்கத்தில் இருக்கிற சின்னத் துளைகளை நாடா ஒட்டி மூடினார்களாம். பிறகு கழற்ற மறந்துபோனார்கள். அந்தத் துளைகளால் வருகிற காற்றை வைத்துத்தான் விமானம் தன்னுடைய உயரத்தையும் வேகத்தையும் அறிகிறது. இருட்டில் கடலுக்கு மேலே எழும்பியதும் கருவிகள் எல்லாம் பொய் சொல்லத் தொடங்கின. எது உண்மை, எது பொய் என்று தெரியாமலே கடலில் போய் இறங்கினார்கள்.

"அப்ப வெளிக்கிட முன்னம் அந்தத் துளையைக் கிட்டப் போய்ப் பாக்க ஒருத்தனும் இல்லையோ?" என்று கேட்டார் கந்தப்பு அண்ணை.

"பாத்தவங்கள் அண்ணை. நாடாவும் பிளேனும் ஒரே நிறம். பாத்தும் தெரியேல்லை."

மற்றது, அத்திலாந்திக் கடலில் விழுந்தது. வேகம் பார்க்கிற குழாய்க்குள் பனி அடைத்தது. தானாக ஓட்டிக்கொண்டிருந்த கம்பியூட்டர், இனி என்னால் ஏலாது, நீங்களே பிடியுங்கள் என்று விட்டுவிட்டது. பிடித்தது துணை விமானி, வயது முப்பத்திரண்டு. மூக்கைக் கீழே விட வேண்டிய நேரத்தில் அவன் மேலே இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். பனி கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது, கருவி சரியாகிவிட்டது, ஆனால் அவன் விடவில்லை. நாலு நிமிஷத்துக்கு மேலே எடுத்து விழுந்திருக்கிறது.

"முழு முட்டாள்," என்றார் அத்தான். அறிக்கையை மடியில் போட்டு அடித்தார். "மிசின் எல்லாத்தையும் பாக்குது எண்டு சும்மா குந்தியிருந்து பழகினவன். கையாலை ஓட்ட மறந்துபோனான். மிசின் பிழை விடுறது எப்பவோ ஒருக்காத்தான். அதுதான் கண்டியளோ ஆபத்து. ஆயிரம் தரம் சரியாச் செய்ததை ஆயிரத்தோராந்தரம் ஆர் பாக்கப் போறான்?"

"மிசின் வந்தாப்பிறகு விழுகிறது கூடிப்போச்சோ அத்தான்?" என்று நான் சீண்டினேன்.

அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. ஆனால் பொய் சொல்ல மாட்டார். "இல்லை. குறைஞ்சுபோச்சு. நல்லாக் குறைஞ்சுபோச்சு," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் அக்காவுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. சுவாசப்பை மெல்ல மெல்லக் கட்டியாகிற வருத்தம். அதைத் திரும்ப மாற்ற முடியாது, ஒட்சிசன் கொடுத்தால் கனகாலம் இருக்கலாம் என்றார் டாக்குத்தர். வித்தியா பணம் அனுப்பி ஒரு மிசின் எடுப்பித்தாள். கட்டிலடியில் வைக்கிற சின்ன அலுமாரி அளவு. அறையில் இருக்கிற காற்றை உள்ளே இழுத்து, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, நீளக் குழாயால் மூக்குக்கு அனுப்பும். மின்சாரம் நின்றால் கத்தும். சரியாக ஓடினால் முகப்பில் பச்சை விளக்கு எரியும். கதவுக்குப் பின்னால் அவசரத்துக்கு ஒரு ஒட்சிசன் சிலிண்டரும் வைத்திருந்தார்கள். அத்தானுடைய பூசையில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்தது.

"மிசின்?"

"பச்சை."

இனி நான் சொல்லப்போவது எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய விசர் வேலை. எங்கள் வீடுகளில் விலை கூடிய எந்தப் பொருளும் அம்மணமாக நிற்கக்கூடாது. வானொலிக்கு உறை, தையல் மிசினுக்கு உறை, தொலைக்காட்சிக்கு உறை. என் மனைவி ரிமோட்டுக்குக்கூடத் தைத்து வைத்திருக்கிறாள். அக்காவோ இந்த விஷயத்தில் பெரிய கைகாரி. கட்டிலில் சாய்ந்திருந்தபடியே ஒரு மாதம் மினக்கெட்டு அந்த மிசினுக்கு நீலப் பூப்போட்டு ஒரு உறை தைத்தாள். மேலேயும் நாலு பக்கமும் மூடி, கீழே சுருக்குத் தைத்து, புதுப் பெண்ணுக்குச் சீலை உடுத்த மாதிரி இருந்தது.

அத்தான் அதைப் பார்த்துவிட்டு ஒரேயொரு குறைதான் சொன்னார். விளக்குத் தெரியவில்லை. உடனே வெண்கட்டி எடுத்து, பச்சை விளக்கு இருக்கிற இடத்தைச் சரியாகக் குறித்துக் கொடுத்தார். அக்கா அந்த இடத்தில் ஒரு துவாரம் வெட்டி, பொத்தான் கண் மாதிரிச் சுற்றித் தைத்தாள். ஐந்து சத நாணயம் அளவு. அதற்குள்ளால் பச்சை அழகாகத் தெரிந்தது.

"பார் முருகேசு, அவவின்ரை வேலையை," என்று எனக்குக் காட்டினார். நானும் நல்ல வேலை என்றேன். கடவுளே, நானும் அப்படித்தான் சொன்னேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வைகாசி மாதம். அனல் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் மூன்று மணி இருக்கும். துறையில் நல்ல பாரை மீன் வந்திருந்தது. அக்காவுக்குப் பிடிக்கும் என்று ஒரு துண்டு கொண்டு போனேன். அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பி, ஐயாவின்ரை கப்பல் தெரியுதாம். ஓடிப்போய்ச் சட்டையை மாத்து. கடற்கரைக்குப் போவம்."

ஐயா செத்து நாற்பது வருஷத்துக்கு மேல். அக்காவின் வாய்ச் சொண்டு நாவற்பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது. அத்தான் மேசையடியில் மூக்குக் கண்ணாடியோடு இருந்து, விரலில் கவ்வி ஒட்சிசன் அளவு பார்க்கிற அந்தச் சின்னக் கருவிக்குப் புது பற்றறி போட்டுக்கொண்டிருந்தார்.

"உது பிழைச்சுப்போச்சு முருகேசு. காலமை எண்பத்தஞ்சு காட்டினது. இப்ப எழுபத்தெட்டாம். தொண்ணூறுக்குக் கீழை போகாத மனிசிக்கு எப்பிடி எழுபத்தெட்டு வரும்? பற்றறி முடிஞ்சிருக்கு."

"அக்கா மாறாட்டமாக் கதைக்கிறா அத்தான்."

"வெக்கைக்கு. மத்தியானம் நித்திரையும் இல்லை. மிசின் நல்லா ஓடுது." திரும்பிக் கேட்டார். "இரத்தினம், மிசின்?"

"பச்சை," என்றாள் அக்கா.

சொன்னது வாய்தான். கண் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தானோ கருவியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் மிசினைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பச்சைதான் தெரிந்திருக்கும்.

எனக்கு விளக்குகள் விளங்காது. எஞ்சின் என்றால் விளங்கும். எந்த எஞ்சினையும் கை வைக்காமல் நான் நம்பியதில்லை. போய் அந்த நீலப் பூவில் உள்ளங்கையை வைத்தேன். அடுப்பால் இறக்கிய பானை மாதிரிக் கொதித்தது.

"இதுக்கு மூச்சு முட்டுது அத்தான்!" என்று கத்திக்கொண்டு உறையைப் பிடித்து இழுத்தேன். அக்காவின் ஒரு மாத வேலை கரகரவென்று கிழிந்தது. பின்பக்கம் காற்று இழுக்கிற வலை முழுவதும் பஞ்சும் நூலும் அடைந்திருந்தன. முன்னால் பச்சை எரிந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு விரல் இடைவெளியில், மஞ்சள் விளக்கும் எரிந்தது. ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று சொல்லுகிற விளக்கு அது. எத்தனை நாளாக அந்தத் துணிக்குக் கீழே எரிந்ததோ தெரியாது. அது கத்துகிற விளக்கு அல்ல. பார்க்க வேண்டிய விளக்கு.

அத்தானுடைய முகத்தை அப்போது பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் மஞ்சளையே பார்த்துக்கொண்டு மரமாகிப் போனார்.

"அத்தான், சிலிண்டர்!"

அந்தச் சத்தத்துக்கு அசைந்தார். அசைந்தபிறகு அவருடைய கைகளைப் பார்க்க வேண்டும். எழுபத்தேழு வயதுக் கைகள். முகம் பேயறைந்த மாதிரி, கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் கை ஒரு பிழை விடவில்லை. சிலிண்டரின் வாயைத் திறந்தார், அளவைத் திருகினார், குழாயை மாற்றினார், காதருகில் பிடித்துக் காற்று வருகிறதா என்று கேட்டார், மூக்கில் வைத்தார். நான் அம்புலன்சுக்கு அடித்தேன். விரல் கருவியைத் திரும்ப மாட்டினோம். எழுபத்தாறு. எண்பது. எண்பத்தேழு. அம்புலன்ஸ் படலைக்கு வரும்போது தொண்ணூறு. அந்தக் கருவி தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மந்திகை ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அக்காவுக்குத் தெளிவு வந்தது. அன்று பின்னேரம் நானும் இருந்தேன். ஆறரை மணியானது. குண்டு விழுந்த நாட்களில்கூட, வெள்ளவத்தையில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் இருந்தும், ஆறரைக்குக் கேட்கத் தவறாத மனிதர், கட்டிலருகில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அக்கா பார்த்தாள். கொஞ்சம் பொறுத்தாள். பிறகு முகமூடியைக் கையால் விலக்கினாள்.

"இருக்கிறன்," என்றாள், அவர் கேட்காமலே.

அத்தான் கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் வெளியே வந்து விறாந்தையில் நின்றேன். எனக்கும் கண் மறைத்தது.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் என்னைக் கூப்பிட்டார். இருபத்துமூன்று அறிக்கைகளையும் ஒரு உரப்பையில் கட்டி வைத்திருந்தார்.

"கொண்டுபோய்க் கொளுத்து."

"ஏன் அத்தான்?"

"இனி ஆரைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கு? அந்த மிசினோடை வந்த புத்தகம் நாற்பது பக்கம். போடுற, நிப்பாட்டுற பக்கம் மட்டும் வாசிச்சிட்டு, உது தானா ஓடும் எண்டு மூடி வைச்சனான். நேற்றுத்தான் முழுக்க வாசிச்சன். பதினோராம் பக்கத்திலை தடிச்ச எழுத்திலை போட்டிருக்கு, ஒண்டாலும் மூட வேண்டாம் எண்டு." உரப்பையை என் பக்கம் தள்ளினார். "அந்தப் பொடியனை நான் முட்டாள் எண்டு சொன்னனான் முருகேசு. அந்த அத்திலாந்திக் பொடியனை. அவனுக்கு நாலு நிமிஷம் இருந்தது, இருட்டு, புயல். எனக்குப் பட்டப்பகல், ஒரு நாள் முழுக்க இருந்தது. ரெண்டு கருவி ரெண்டு கதை சொல்லிச்சுது. எனக்குப் பிடிச்சதை நான் நம்பினன்."

நான் உரப்பையை எடுத்துப் போய்ப் பட்டறைக்குள் வைத்தேன். கொளுத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேப்பமரத்துக்குக் கீழே கதிரைகள் போடச் சொன்னார். கந்தப்பு அண்ணையும் மற்றவர்களும் வந்தார்கள். எங்கே விழுந்தது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். அத்தான் சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள் எடுத்தார். தன் கையால் எழுதிய அறிக்கை. திகதி, நேரம், வெக்கை எவ்வளவு, விரல் கருவி எந்த மணிக்கு என்ன காட்டியது, அப்போது தான் என்ன செய்தேன் என்று ஒன்றையும் மறைக்காமல் வாசித்தார். காரணம் என்ற இடத்துக்கு வந்தார்.

"மிசினை மூடிய துணி. அதில் பச்சை விளக்குக்கு மட்டும் துவாரம் வைக்கும்படி குறித்துக் கொடுத்தவர், கனகசபாபதி."

யன்னலுக்குள்ளால் அக்காவின் குரல் வந்தது. நீளக் குழாயையும் இழுத்துக்கொண்டு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உறை தைச்சது நான். அதையும் எழுதுங்கோ."

"நீர் தைச்சீர். குறிச்சது நான்தானே?"

"குறிக்க முன்னமே தைச்சாச்சு. ஒழுங்கா எழுதுங்கோ. எழுதினால் எல்லாத்தையும் எழுத வேணும்."

கந்தப்பு அண்ணை சிரித்துவிட்டார். அத்தானும் பேனாவை எடுத்து, தாளை முழங்காலில் வைத்து, அவளுடைய பெயரையும் சேர்த்து எழுதினார். அந்த ஒரு மாதத்தில் அவர் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் கண்டேன். கடைசியில், இனிச் செய்ய வேண்டியவை என்று மூன்று வாசித்தார். மிசினுக்கு உறை இல்லை. கை வைத்துப் பார்த்த பிறகுதான் பதில். மூன்றாவது, அந்தத் துணை விமானியை இந்த முற்றத்தில் இருந்து இனி எவரும் முட்டாள் என்று சொல்லக்கூடாது.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடல் பார்த்த மனிதர்கள் அவர்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள்.

அன்றைக்கே ஆறரைக்குப் பூசை திரும்பத் தொடங்கியது. "மிசின்?" என்று கேட்டால் அக்கா கையை நீட்டித் தொட்டுப் பார்த்து, "சூடில்லை. பச்சை இருக்கு, மஞ்சள் இல்லை" என்பாள். பிறகு "இரத்தினம்?" வரும். "இருக்கிறன்" வரும். நான் அந்த நேரத்துக்கு ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்கப் பழகினேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை, பேப்பர் எடுக்கப் போன கடையின் வாங்குப் பலகையில் இருந்தபடியே அத்தான் போய்விட்டார். மாரடைப்பு. கடைக்காரர் ஓடி வந்து எனக்குச் சொன்னபோது நான் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தேன். அது அப்படியே இரண்டு மாதம் கிடந்தது. ஊர் முழுக்கப் 'பைலட் ஐயாவுக்கு அஞ்சலி' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். திருத்துவதற்கு அவர் இல்லை. நான் மூன்றைக் கிழித்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

வித்தியா வந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை நின்றாள். தாயைக் கூட்டிப் போக எவ்வளவோ கேட்டாள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். நானும் மனைவியும் அந்த வீட்டுக்கே குடிபோனோம்.

வித்தியா போன அன்று பின்னேரம், ஆறரைக்கு நான் விறாந்தையில் இருந்தேன். உள்ளே இருந்து அக்காவின் குரல் கேட்டது.

"வாசல் கதவு?"

திடுக்கிட்டு எழும்பினேன். வாழ்க்கை முழுக்கக் கேலி செய்தவன், போய்ப் பார்த்தேன். "பூட்டியிருக்கு அக்கா."

"காஸ்?"

"ஓம்."

"ஓம் எண்டால் என்னடா?"

குசினிக்குப் போனேன். "அடுப்பிலையும் மூடியிருக்கு. சிலிண்டரிலையும் மூடியிருக்கு."

"தண்ணி மோட்டர்?"

"நிண்டிட்டுது."

"மிசின்?"

அறைக்குள் போய் அதன் முதுகில் கையை வைத்தேன். "சூடில்லை. பச்சை இருக்கு. மஞ்சள் இல்லை."

அதோடு அவள் நிறுத்தினாள். நானும் நின்றேன். அடுத்த கேள்வி என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். மிசின் தன் பாட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரலில் பழைய அதட்டல்தான்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கேளன்."

பெயர் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. தம்பிக்காரன்.

"அக்கா?" என்றேன்.

"இருக்கிறன்."